நாயின் உலர் உணவில் ஈரம் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உலர் உணவுப் பையின் பின்பக்கத்தில், சத்து விவரங்களின் வரிசையில், "ஈரப்பதம்: அதிகபட்சம் 10 சதவீதம்" என்பது போன்ற ஒரு வரி இருக்கும். புரதத்தையும் கொழுப்பையும் தேடிப் படிப்பவர்கள்கூட இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாய் நாள் முழுவதும் எவ்வளவு தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது பெருமளவுக்கு அந்த எண்ணைப் பொறுத்ததே. டின்னில் வரும் ஈர உணவில் அதே இடத்தில் 75 முதல் 80 வரை இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நலமாக இருக்கும் நாய்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி நீர் தேவை. 10 கிலோ நாய் என்றால் 500 முதல் 600 மில்லி. கிண்ணத்தில் குடிப்பதும் உணவோடு உள்ளே போவதும் சேர்ந்ததுதான் இந்த அளவு. அந்த நாய் நாளொன்றுக்கு 180 கிராம் உலர் உணவு சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உணவிலிருந்து அதற்குக் கிடைக்கும் நீர் வெறும் 18 மில்லி. அதே கலோரியை டின் உணவாகச் சாப்பிட்டால் உணவிலிருந்தே 450 மில்லிக்கு மேல் கிடைத்துவிடும். உலர் உணவு தின்னும் நாய் இந்த இடைவெளியைத் தானே குடித்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான நாய்கள் அதைச் சரியாகவே செய்துவிடுகின்றன. தாகத்தை உணர்ந்து தேவையான அளவு குடிக்கும் திறன் நாய்க்கு நன்றாகவே உண்டு. எனவே உலர் உணவை உலர்வாகவே கொடுப்பதில் தவறில்லை. நன்றாகக் குடித்து, நன்றாகச் சிறுநீர் கழித்து, சுறுசுறுப்பாக இருக்கும் நாய்க்கு எதையும் மாற்றியாக வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆனால் சில நாய்களுக்கு உணவில் சேரும் ஈரம் உண்மையாகவே உதவுகிறது. அதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். கடையில் விற்கும் இறைச்சிச் சாறுகளும் சுவையூட்டிகளும் அதற்கு அடுத்தபடிதான். இந்த வழிகாட்டி முழுவதும் நான் வலியுறுத்தப் போவது இதையே: முதலில் தண்ணீரை முயன்று பாருங்கள், அளவையும் நேரத்தையும் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

எந்த நாய்க்கு ஈரம் உதவும்

குறைவாகக் குடிக்கும் நாய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சில நாய்கள் இடம் மாறினால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும்; சில, வேறொரு நாய் கிண்ணத்தருகே படுத்திருந்தால் அந்தப் பக்கமே போகாது; மூட்டு வலி உள்ள முதிய நாய் எழுந்து நடந்து போய்க் குடிக்கச் சோம்பல்படும். இவற்றுக்கெல்லாம் உணவோடு நீர் உள்ளே போவது நல்லது.

சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும் நாய்களுக்கு இதன் பயன் இன்னும் தெளிவானது. சிறுநீர் அடர்த்தியாக இருந்தால் அதிலுள்ள தாதுக்கள் படிகமாகச் சேர எளிது. நீர்த்துப்போனால் அந்த வாய்ப்புக் குறையும். கால்சியம் ஆக்சலேட் கல்லுக்குச் சிகிச்சை பெற்ற நாய்களின் சிறுநீர் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.020-க்குக் கீழே இருப்பது நல்லது என்று கால்நடை மருத்துவர்கள் இலக்கு வைப்பதும் இதனால்தான். அத்தகைய நாய்க்கு உணவில் தண்ணீர் சேர்ப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஸ்ட்ரூவைட் கல் வேறு வகை. நாய்களில் அது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றால் வருவது. தொற்றைக் குணப்படுத்தாமல் தண்ணீர் மட்டும் சேர்த்துப் பயனில்லை.

பல் ஆடும் நாய், பல் பிடுங்கிய நாய், ஈறு வீங்கிய நாய் ஆகியவற்றால் கடினமான துண்டைக் கடிக்க முடியாது. வயதாக ஆக மோப்பம் மங்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறிய உணவிலிருந்து வாசனை எழும்புவதால் ஆர்வமில்லாமல் முகர்ந்துவிட்டுப் போகும் முதிய நாயும் திரும்பி வந்து நக்கத் தொடங்கும். நோயிலிருந்து தேறிவரும் நாய்க்கும் இதுவே முதலில் செய்து பார்க்க வேண்டியது.

எடை குறைக்க வேண்டிய நாய்க்கும் தண்ணீர் பேருதவி. தண்ணீரில் கலோரி இல்லை. உணவின் அளவைக் கூட்டாமலேயே கிண்ணம் நிறைந்து தெரியும்.

மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாத இடங்கள்

உணவுக்குழாய் விரிந்து தளர்ந்துபோன நாய்க்கு உணவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு நாய்க்கும் மாறும். ஒன்றுக்குக் கூழ் இறங்கும், இன்னொன்றுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தால்தான் இறங்கும். தவறான பதம் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும். குரல்வளை முடக்கம் உள்ள நாய்க்கும் நீர்த்த உணவு அதே ஆபத்தைத் தரலாம். இவ்விரண்டிலும் உங்கள் நாயைப் பார்த்த மருத்துவர் சொல்லும் பதமே சரி.

இன்னொரு எச்சரிக்கை இதற்கு நேர் எதிரானது. நாய் வழக்கத்துக்கு மாறாக அதிகமாகக் குடித்தால், "தாகமாக இருக்கிறது போலும், உணவிலும் நீர் சேர்ப்போம்" என்று தொடங்கிவிடாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் குடிப்பது நோயின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 10 கிலோ நாய்க்கு அது ஒரு லிட்டர். சிறுநீரக நோய், நீரிழிவு, அட்ரீனல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் எல்லாமே இப்படித்தான் முதலில் வெளித்தெரியும். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்து, சில நாள் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அதுவரை தண்ணீரைக் குறைக்கவும் கூடாது.

உலர்வாக அளந்து கொள்ளுங்கள்

இனி செய்முறை. முதல் வேலை, தண்ணீர் படுவதற்கு முன்பே உணவை அளந்துவிடுவது. ஊறிய உணவு பருத்துவிடும். அதைக் கரண்டியால் அளந்தால் எவ்வளவு கொடுத்தோம் என்பது தெரியாமலே போய்விடும். கரண்டியைவிடச் சமையலறைத் தராசு நம்பகமானது. ஒரே கோப்பையில் ஒரு வகை உணவு 90 கிராம் பிடிக்கும், இன்னொரு வகை 120 கிராம் பிடிக்கும். துண்டின் அளவும் அடர்த்தியும் வெவ்வேறு என்பதே காரணம்.

தண்ணீர் சேர்த்ததற்காக உணவைக் குறைக்க வேண்டியதில்லை. கிண்ணம் நிறைந்துவிட்டதே என்று பாதியைத் திரும்ப எடுத்துவிட்டால், சில வாரங்களில் நாய் மெலியும்.

அளக்கும்போது கை, கரண்டி, கோப்பை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் கரண்டி ஒன்று பைக்குள் போனாலும் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கலாம். பையை இறுக மூடி, 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வேறு டப்பாவில் கொட்டி வைப்பதைவிடப் பையோடு டப்பாவுக்குள் வைப்பது மேல். கொழுப்பு காறாமல் இருக்கும். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் கையில் இருக்கும்.

எவ்வளவு தண்ணீர்

10 சதவீத ஈரம் உள்ள 100 கிராம் உலர் உணவை எடுத்துக்கொள்வோம். அதில் 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் மொத்த ஈரப்பதம் 40 சதவீதம். 100 மில்லி சேர்த்தால் 55. 200 மில்லியில் 70. டின் உணவின் 75 சதவீதத்தை எட்ட ஏறத்தாழ 260 மில்லி ஊற்ற வேண்டும். பலரும் எண்ணுவதைவிட இது மிக அதிகம். மேலே தெளித்துவிட்ட இரண்டு கரண்டித் தண்ணீர் வாசனையை எழுப்பும், அவ்வளவுதான். உடலுக்குப் போகும் நீரின் கணக்கில் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் வராது.

பெரும்பாலான நாய்களுக்குச் சரிபாதி விகிதத்தையே நான் பரிந்துரைப்பேன்: எத்தனை கிராம் உணவோ அத்தனை மில்லி தண்ணீர். துண்டுகள் மென்மையாகும், உருவம் குலையாது, அடியில் கொஞ்சம் சாறு தேங்கும். மேலே சொன்ன 10 கிலோ நாய்க்கு இப்படிச் செய்தால், 18 மில்லியாக இருந்தது 198 மில்லி ஆகும். அதன் தேவையில் மூன்றில் ஒரு பங்கு உணவிலேயே வந்துவிடுகிறது.

பல் இல்லாத நாய்க்கு ஒன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு ஊற்றி, முள்கரண்டியால் மசித்துக் கூழாக்கிக் கொடுக்கலாம். சிறுநீர்க் கல் உள்ள நாய்க்கு இரண்டு மடங்கிலிருந்து தொடங்கி, அடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் ஒப்படர்த்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். வாசனைக்காக மட்டும் என்றால் கால் பங்கு போதும்.

சாற்றை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டுவிடும் நாய் உண்டு. அதற்குத் தண்ணீரைச் சற்றுக் குறைத்து, ஊறும் நேரத்தைக் கூட்டுங்கள். சாறு முழுவதும் துண்டுக்குள் ஏறிவிட்டால் பிரித்துத் தின்ன வழியில்லை.

சூடும் ஊறும் நேரமும்

குடிக்கத் தகுந்த நீரையே பயன்படுத்துங்கள். அதை வெதுவெதுப்பாக, கையில் ஊற்றினால் சுகமாகத் தெரியும் அளவுக்கு, 40 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதால் இரண்டு கெடுதல்கள் உண்டு. துண்டின் உள்ளே சூடு தங்கி நிற்கும். வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் வாய் வெந்துவிடும். மேலும், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பூசப்பட்ட உணவாக இருந்தால் அவை செத்துப்போகும். உலர் உணவைப் பெரும்பாலும் மாவாகப் பிசைந்து, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வேகவைத்து, அச்சின் வழியே பிதுக்கி, உலர்த்தி எடுக்கிறார்கள். சூடு தாங்காத பொருள்களையும் கொழுப்பையும் சுவையூட்டிகளையும் கடைசியாக மேலே பூசுகிறார்கள். அந்தப் பூச்சு வெதுவெதுப்பான நீரில் கரைந்து பரவுவதால்தான் மணம் எழுகிறது.

சிறிய துண்டுகள் வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடத்தில் ஊறிவிடும். பெரிய துண்டுகளுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். குளிர்ந்த நீர் என்றால் ஏறத்தாழ இரு மடங்கு நேரம். கொழுப்பு மிகுந்த, இறுக்கமான துண்டுகள் இன்னும் மெதுவாக உறிஞ்சும். கடிகாரத்தைவிட விரலை நம்பலாம்: ஒரு துண்டை எடுத்து அழுத்துங்கள். நடுவில் கடினமான கரு தட்டுப்படாமல் நசுங்கினால் ஆயிற்று. பல்லில்லா நாய்க்கு இந்தச் சோதனை மிக முக்கியம். மேலே மட்டும் மென்மையாகி உள்ளே கல்லாக நிற்கும் துண்டு, முழு உலர் துண்டைவிட எளிதாகத் தொண்டைக்கு வழுக்கிப் போகும்.

ஊற நேரமில்லாத நாளில் தண்ணீரை ஊற்றி உடனே கொடுத்தாலும் நீர் உள்ளே போகத்தான் போகிறது. மென்மையும் மணமும் குறையும், அவ்வளவே.

கொடுக்கும் முன் நன்றாகக் கிளறி, நடுவில் விரலை வைத்துச் சூட்டைப் பாருங்கள். நுண்ணலை அடுப்பில் சூடாக்கியிருந்தால் இதைத் தவறவே விடாதீர்கள். அங்கங்கே கொதிநிலையில் திட்டுகள் நிற்கும்.

ஊறிய உணவுக்கு ஆயுள் குறைவு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

உலர் உணவு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அதில் நீர் இல்லாததே முதன்மைக் காரணம். நுண்ணுயிர்கள் பெருக நீர் வேண்டும். அது கிடைக்காதவரை அவை துண்டின் மேல் இருந்தாலும் முடங்கிக் கிடக்கும். வேகும்போது கிருமிகள் அழிந்தாலும், அதற்குப் பிறகு பூச்சுப் பூசும்போதோ, பையில் அடைக்கும்போதோ, வீட்டில் கை படும்போதோ மறுபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருப்பது கண்டறியப்பட்டு உலர் உணவுகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. வெதுவெதுப்பான நீரை ஊற்றும்போது, நாய்க்கு விருந்து வைப்பதோடு அந்தக் கிருமிகளுக்கும் விருந்து வைக்கிறோம். அவற்றுக்கு உகந்த வெப்பநிலையில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

ஆகவே ஊறிய உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில், அறை 32 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரம்தான் எல்லை. ஊறும் நேரமும் இந்தக் கணக்குக்குள் அடக்கம். நாய் 20 நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கவில்லை என்றால் கிண்ணத்தை எடுத்துவிடுவது நல்ல பழக்கம். உணவும் வீணாகக் கெடாது, நாய்க்கும் நேரத்துக்குச் சாப்பிடப் பழகும். நாள் முழுவதும் கிண்ணத்தில் உணவு கிடக்க, நினைத்தபோது வந்து கொறிக்கும் நாய்க்கு ஈர உணவு ஒத்துவராது. முதலில் அதை வேளைக்குச் சாப்பிடப் பழக்குங்கள். தானியங்கி உணவுப் பெட்டியிலும் ஊறிய உணவை நிரப்பக் கூடாது.

இரவே ஊறவைத்துக் காலையில் கொடுக்க விரும்பினால் மூடிபோட்டு, 4 டிகிரியில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியே மேசைமேல் இரவு முழுவதும் ஊறிய உணவு எவ்வளவு நல்ல வாசனை அடித்தாலும் குப்பைக்குத்தான். புளித்த மணம், நுரை, பிசுபிசுப்பு எது தெரிந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கிண்ணத்தை ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாய் நக்கிப் பளபளவென்று வைத்துவிட்டது என்பதற்காக அது சுத்தமாகிவிடாது. விரலால் தடவினால் வழுவழுப்பு தெரியும், அந்தப் படலத்துக்குள்தான் கிருமிகள் குடியிருக்கும். எவர்சில்வர் கிண்ணம் சிறந்தது. பிளாஸ்டிக் கீறல் விழும், கீறலுக்குள் தேய்ப்பான் போகாது. உங்கள் கையையும் கழுவுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ, முதியவரோ, நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவரோ இருந்தால் இதில் எந்தத் தளர்வும் வேண்டாம்.

நீண்ட காது உள்ள நாய்க்குக் குறுகிய வாயுள்ள ஆழமான கிண்ணம் வாங்கினால் காது உணவில் தோயாது. தாடியுள்ள நாய்க்கும் முகமடிப்பு உள்ள தட்டை முக நாய்க்கும் சாப்பிட்டவுடன் முகத்தைத் துடைத்து உலர்த்துங்கள். மடிப்புக்குள் தங்கும் ஈர உணவு தோல் புண்ணில் கொண்டுபோய் விடும்.

பழக்கும் வாரம்

முதல் நாளே கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றினால் சில நாய்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சிலவற்றுக்கு மலம் இளகும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லியில் தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாக இலக்கு அளவுக்குப் போங்கள். மறுத்தால் ஒரு படி பின்வாங்கி, சற்று வெப்பம் கூட்டிப் பாருங்கள்.

எல்லா வேளையும் ஈரமாகக் கொடுக்க வேண்டும் என்றில்லை. காலையில் உலர்வாகவும் மாலையில் ஊறவைத்தும் கொடுக்கலாம். பயிற்சியின்போது கொடுக்கக் கொஞ்சம் உலர் துண்டுகளை அன்றாட அளவிலிருந்து எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

எப்படிக் கொடுத்தாலும், பக்கத்தில் சுத்தமான தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்க வேண்டும். உணவில் நீர் கூடியபின் நாய் கிண்ணத்தில் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். அதைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துவிடுவதுதான் தவறு.

தண்ணீருக்குப் பதில் வேறு ஏதாவது?

வெறும் தண்ணீரை ஏற்காத நாய்க்கு வீட்டில் காய்ச்சிய இறைச்சிச் சாறு நல்ல மாற்று. எலும்போடோ எலும்பில்லாமலோ இறைச்சியை வெறும் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டுங்கள். உப்பு, மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே கட்டியாகப் படியும். அதை முழுவதும் எடுத்துவிடுங்கள். கொழுப்பு மிகுந்த சாறு கணைய அழற்சியைத் தூண்டக்கூடும். அடியில் இருப்பதைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு வேளைக்கு ஒரு கட்டி எடுத்துக் கரைத்துக்கொள்ளலாம். வெந்த எலும்பை மட்டும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அது சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

வெங்காயத்தையும் பூண்டையும் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குபவை. உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயம், 10 கிலோ நாய்க்கு 50 கிராம், ஒரே தடவையில் உள்ளே போனாலே பாதிப்பு தெரியக்கூடும். சிறிது சிறிதாகத் தினமும் போனாலும் சேர்ந்து பாதிக்கும். எடைக்கு எடை பார்த்தால் பூண்டு இன்னும் கடுமையானது. வேகவைப்பதால் நஞ்சு போவதில்லை, சாற்றில் இறங்கிவிடுகிறது. துண்டுகளை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றினால் ஆபத்து தீராது. வெளிறிய ஈறு, சோர்வு, கருஞ்சிவப்புச் சிறுநீர் போன்ற அறிகுறிகள் சில நாள் கழித்தே தெரியவருவதால், எதனால் வந்தது என்று வீட்டாருக்குப் புரியாமலே போகிறது. வீட்டுக்காகச் சமைத்த சாறு, குழம்பு எதையும் நாயின் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள்.

மனிதர்களுக்காக விற்கும் சாறு, சூப் கட்டி ஆகியவற்றில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டாலும் உப்பு இருக்கும். நாய்க்குப் பரிந்துரைக்கப்படும் சோடியம் 1000 கிலோகலோரிக்கு 200 மில்லிகிராம். 630 கிலோகலோரி சாப்பிடும் 10 கிலோ நாய்க்கு அது சுமார் 126 மில்லிகிராம். உப்புப் போட்ட கடைச் சாறு ஒரு கோப்பையில் 800 மில்லிகிராம் வரை சாதாரணமாக இருக்கும். நலமான நாய் மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள நாயால் முடியாது.

டின் உணவைக் கலப்பது எளிய வழி. ஆனால் அதில் கலோரி உண்டு. ஒரு கிராம் டின் உணவில் ஏறத்தாழ 1 கிலோகலோரியும், உலர் உணவில் 3.5 முதல் 4 வரையும் இருக்கும். 100 கிராம் டின் உணவு சேர்த்தால் உலர் உணவில் 25 முதல் 30 கிராம் குறைத்துவிடுங்கள். சரியான எண் பையிலும் டின்னிலும் அச்சாகியிருக்கும்.

பால் வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு லாக்டோஸ் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். இனிப்போ சுவையோ சேர்க்காத தயிர் ஒரு கரண்டி பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். வேகவைத்து மசித்த பூசணியும் நல்லதே. எண்ணெய் ஊற்றினால் பளபளக்கும், ஆனால் அது நீரைத் தருவதில்லை. கலோரியை மட்டுமே கூட்டும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த எதுவும் நாய்க்குக் கொடிய நஞ்சு. திராட்சையும் உலர் திராட்சையும் எந்த வடிவிலும் கூடாது. தண்ணீர் தவிரச் சேர்க்கும் எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முழுமையாகச் சமன் செய்யப்பட்ட உணவின் சமன் குலையும்.

குட்டிகளுக்கு

தாய்ப்பால் மறக்கும் குட்டிகளுக்கு மூன்று, நான்கு வார வயதில் கூழ் தொடங்குவது வழக்கம். குட்டிகளுக்கான உலர் உணவு ஒரு பங்கு, வெதுவெதுப்பான நீர் இரண்டு முதல் மூன்று பங்கு. நன்றாக ஊறவிட்டுக் கட்டியில்லாமல் மசித்து, ஆழமில்லாத தட்டில் கொடுங்கள். முதல் சில நாள் அதில் நடப்பதும் விழுவதும்தான் நடக்கும். வாரத்துக்கு வாரம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஏழு, எட்டு வாரத்தில் உலர் துண்டையே கடித்துத் தின்னும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கி, சாப்பிட்டபின் குட்டிகளின் முகத்தையும் காலையும் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிர் எடுக்கும்.

பல்லும் வயிற்று உப்புசமும்

ஊறவைத்தால் பல் கெடும் என்று தயங்குபவர்கள் உண்டு. சாதாரண உலர் துண்டு பல் நுனி பட்டதும் நொறுங்கிவிடுகிறது. ஈறோரத்தை அது தேய்ப்பதே இல்லை. அழுக்கு சேர்வதும் அங்கேதான். பல்லுக்காகவே தயாரிக்கப்படும் உணவு மட்டும் வேறு. அதன் துண்டு பெரியது, பல் உள்ளே இறங்கும்வரை உடையாத அமைப்புக் கொண்டது. அதை ஊறவைத்தால் வாங்கிய நோக்கமே போய்விடும். மற்றபடி எந்த உணவு கொடுத்தாலும் நாய்களுக்கான பற்பசையால் தினமும் துலக்குவதுதான் பல்லைக் காக்கும்.

ஊறவைத்துக் கொடுத்தால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அதை நம்பி இருக்க வேண்டாம். ஆழமான மார்புள்ள பெரிய இனங்கள், முதுமை, அவசரமாக விழுங்குதல், பெற்றோருக்கோ உடன்பிறந்தவற்றுக்கோ அது வந்திருத்தல் ஆகியவை ஆய்வுகளில் தெரியவந்த ஆபத்துகள். கொழுப்போ எண்ணெயோ முதல் நான்கு சேர்பொருள்களுக்குள் வரும் உலர் உணவைத் தின்ற பெரிய நாய்களில் ஆபத்து 2.4 மடங்கு இருந்ததாக 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஊறிய உணவு இன்னும் வேகமாகவே உள்ளே போகும் என்பதை மறக்காதீர்கள். அவசரக்கார நாய்க்குத் தடுப்புகள் உள்ள கிண்ணத்திலோ நக்கும் விரிப்பிலோ பரப்பிக் கொடுங்கள். உள்ளீடற்ற ரப்பர் பொம்மைக்குள் ஊறிய உணவை அடைத்து உறையவைத்தும் கொடுக்கலாம். வெயில் நாளில் நாய் அரை மணி நேரம் அதை நக்கிக்கொண்டிருக்கும். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், எச்சில் ஒழுகி, நிலைகொள்ளாமல் நடந்தால் நிமிடங்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பலன் தெரிகிறதா

ஓரிரு வாரத்தில் சிறுநீரின் நிறம் வெளிறியிருக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கழிக்கும் அளவும் கூடியிருக்கும். வெளியே அழைத்துப்போகும் நேரங்களைச் சற்று நெருக்கமாக்க வேண்டி வரலாம், முக்கியமாக முதிய நாய்க்கு. மாலை உணவில் தண்ணீர் அதிகம் என்றால் படுக்கும் முன் ஒருமுறை கூட்டிப்போங்கள். மலம் உருவத்தோடு இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். கூடினால் சேர்பொருளின் கலோரியையும், குறைந்தால் உணவை உலர்வாக அளக்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள்.

நீர் போதவில்லையோ என்ற சந்தேகம் வந்தால் ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். தோளின் மேல் தோலைத் தூக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை முதிய நாயிலும் மெலிந்த நாயிலும் ஏமாற்றும். அவற்றின் தோல் இயல்பாகவே மெதுவாகத்தான் படியும். ஈறு ஒட்டினால், கண் உள்வாங்கினால், வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்திருந்தால், உணவில் எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் ஈடாகாது. மருத்துவர் குழாய் வழியே நீர் ஏற்ற வேண்டியிருக்கும். அன்றே கொண்டுபோங்கள். கடைசி சில நாளில் என்ன உணவு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குடித்தது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.